யுஎஸ்பி வயருக்குள் இருக்கும் பழைய சீரியல்: மைக்ரோகண்ட்ரோலர் கணினியோடு பேசும் விதமும் பேச்சு முறியும் இடங்களும்

மலேசியப் பள்ளிகளின் படிவம் 2 ‘ரேகா பெந்துக் டான் தெக்னொலொகி’ (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்தில் மைக்ரோகண்ட்ரோலர், அதாவது ஒரே சிப்புக்குள் அடங்கிய சிறு கணினி, வருகிறது. எல்இடி விளக்கை மினுக்குவது வரை எல்லாருக்கும் வேலை சுமுகமாகப் போகும். போர்டு எடுத்த அளவீடு கணினித் திரைக்கு வர வேண்டும் என்றதும்தான் தொல்லை ஆரம்பிக்கிறது. காம் போர்ட் (போர்டோடு பேசக் கணினி திறக்கும் வாசல்) தெரியவில்லை; நிரல் ஏறவில்லை; திரையில் கட்டங்களும் கேள்விக்குறிகளும் கொட்டுகின்றன; 127 வர வேண்டிய இடத்தில் 27 வருகிறது. உடனே நிரலைக் கலைத்துத் திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பிழை நிரலில் இருப்பதில்லை.

இரண்டு விஷயங்கள் தெளிவானால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். முதலாவது, கணினி பேசுவது மைக்ரோகண்ட்ரோலரோடு அல்ல. நடுவில் நிற்கும் வேறொரு சிப்போடு. இரண்டாவது, சீரியல் வழியாக, அதாவது பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, போவது வெறும் பைட்டுகள். ஒரு செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு வேலையை வைத்துக்கொள்வோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் நீர்த்தடை அறிவிப்பு வந்தால் எல்லார் கண்ணும் மேல்தொட்டி மேல்தான். தொட்டியின் மூடியில் எச்சி-எஸ்ஆர்04 மீயொலி உணரி, அதோடு ஓர் அர்டுவினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, கீழே ஒரு கணினி. உணரியிலிருந்து நீர்மட்டம் வரை எத்தனை செண்டிமீட்டர் என்பது திரையில் வர வேண்டும். அவ்வளவுதான்.

போர்டில் இருப்பது இரண்டு சிப்

ஊனோ மூன்றாம் பதிப்பில் நாம் எழுதும் நிரல் ஓடுவது ஏடிமெகா328பி என்ற சிப்பில். 16 மெகாஹெர்ட்ஸ் வேகம். நிரலுக்கு 32 கிலோபைட். தற்காலிக நினைவகம் 2 கிலோபைட். இந்தச் சிப்புக்கு யுஎஸ்பி தெரியவே தெரியாது. கணினியோடு பேச அதனிடம் இருப்பது யுஆர்ட் எனப்படும் சீரியல் பேச்சு: அனுப்ப ஒரு முனை (டிஎக்ஸ், எண் 1), வாங்க ஒரு முனை (ஆர்எக்ஸ், எண் 0), இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கிரவுண்டு.

யுஆர்ட் புதிதல்ல. பினாங்கின் பாயான் லெப்பாசில் 1972-ல் ஆலை தொடங்கிய இன்டெல், 1980-ல் வெளியிட்ட 8051 மைக்ரோகண்ட்ரோலரிலேயே அது உள்ளே இருந்தது. இன்றைய ஈஎஸ்பி32, ராஸ்பெரி பை பிக்கோ ஆகிய போர்டுகளிலும் இருப்பது அதே முறைதான்.

கணினியிலோ யுஎஸ்பி வாய் மட்டுமே இருக்கிறது. எனவே நடுவில் ஒரு மாற்றி சிப் தேவை. அசல் ஊனோவில் அது ஏடிமெகா16யூ2. மலிவான நகல் போர்டுகளில் சிஎச்340. புக்கிட் மெர்தாஜாமில் இயங்கும் சைட்ரான் நிறுவனத்தின் மேக்கர் ஊனோவிலும் சிஎச்340தான். ஈஎஸ்பி32 போர்டுகளில் சிபி2102-உம் சிஎச்340-உம் அதிகம். தனி அடாப்டர்களில் எஃப்டி232 காணலாம்.

விண்டோஸ் ‘காம்3’ என்று காட்டுவது இந்த மாற்றி சிப்பைத்தான். ஏடிமெகா328பி கருகிப் போயிருந்தாலும் காம்3 தெரியும். நிரல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் மாற்றி சிப்புக்கு டிரைவர் (கணினி அதைப் பயன்படுத்த உதவும் மென்பொருள்) இல்லையென்றால் காம் போர்ட் தெரியாது. ‘காம் போர்ட் வந்துவிட்டது, போர்டு நன்றாகத்தான் இருக்கிறது’ என்ற முடிவு அதனால்தான் அவசர முடிவு.

எந்தப் பாதியில் கோளாறு என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை உண்டு. புதிய போர்டு வாங்கியதும் இதைச் செய்துவிடலாம்.

1. ஒரு ஜம்பர் வயரால் ரீசெட் முனையைக் கிரவுண்டோடு இணைக்கவும். ஏடிமெகா328பி உறங்கிவிடும்.
2. இன்னொரு ஜம்பரால் 0-ஐயும் 1-ஐயும் நேராக இணைக்கவும்.
3. அர்டுவினோ மென்பொருளின் சீரியல் மானிட்டரைத் திறந்து எதையாவது தட்டச்சு செய்து அனுப்பவும்.

அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் வயர், டிரைவர், மாற்றி சிப் மூன்றும் சரி. கோளாறு ஏடிமெகா பக்கம் அல்லது நிரலில். திரும்பி வராவிட்டால் நிரலைத் தொடவே வேண்டாம்.

இந்த அமைப்புக்கு வெளியே நிற்பவையும் உண்டு. லியனார்டோ, பிக்கோ, ஈஎஸ்பி32-எஸ்3, 2023-ல் வந்த ஊனோ ஆர்4 மினிமா ஆகியவற்றில் மைக்ரோகண்ட்ரோலருக்கே யுஎஸ்பி தெரியும். மாற்றி சிப் தேவையில்லை. அவற்றில் போர்டு மறுதொடக்கம் ஆகும்போது காம் போர்டே ஒரு கணம் மறைந்து மீண்டும் வரும், சில சமயம் வேறு எண்ணோடு. நிரல் சிக்கி நின்றால் காம் போர்ட் காணாமலே போகலாம். ஊனோவில் பழகியவர் பிக்கோவுக்கு மாறும்போது ‘போர்டு செத்துவிட்டது’ என்று நினைப்பது இதனால்தான்.

ஒரு பைட் வயரில் போகும் விதம்

யாரும் பேசாதபோது வயர் உயர்நிலையில், அதாவது ஊனோவில் 5 வோல்ட்டில் நிற்கும். பைட் ஒன்றை அனுப்ப வேண்டுமென்றால்:

1. வயர் ஒரு பிட் நேரத்துக்குத் தாழ்நிலைக்கு இறங்கும். இது தொடக்க பிட்.
2. எட்டுத் தரவு பிட்டுகள் வரும். மதிப்புக் குறைந்த பிட் முதலில்.
3. வயர் மீண்டும் உயர்நிலைக்கு ஏறி, குறைந்தது ஒரு பிட் நேரம் அங்கேயே நிற்கும். இது நிறுத்த பிட்.

ஆக ஒரு பைட்டுக்குப் பத்து பிட். 9600 என்று வேகம் வைத்தால் நொடிக்கு 9600 பிட், அதாவது 960 பைட். ஒரு பிட் 104 மைக்ரோ நொடி. ஒரு பைட் ஒரு மில்லி நொடிக்குச் சற்று மேல். 115200 வேகத்தில் நொடிக்கு 11520 பைட், ஒரு பிட் 8.7 மைக்ரோ நொடி.

இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கடிகார வயர் இல்லை என்பது. தொடக்க பிட் இறங்கும் கணத்தில் பெறுபவர் தன் கடிகாரத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்க்கிறார். இரண்டு கடிகாரமும் சற்றே வேறுபட்டால் அந்த வேறுபாடு பிட்டுக்குப் பிட் சேர்ந்துகொண்டே போகும். பத்தாவது பிட்டில் அது அரை பிட்டைத் தாண்டினால் தவறான பிட்டைப் படித்துவிடுவார். எனவே இரு பக்கப் பிழையும் சேர்ந்து 5 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். நடைமுறையில் பக்கத்துக்கு 2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஏடிமெகா328பி-யின் உள்கடிகாரம் ஆலையிலிருந்து வரும்போது 10 விழுக்காடு வரை பிசகலாம். செலவைக் குறைக்க வெளிக் கிறிஸ்டல் (துல்லியமான துடிப்பு தரும் பாகம்) இல்லாமல் பிரெட்போர்டில் சிப்பை மட்டும் வைத்து ஓட்டுபவர்களுக்கு எல்இடி அழகாக மினுங்கும், சீரியலில் மட்டும் குப்பை வரும். காரணம் இதுதான். கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் ஒரு 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலும் 22 பிகோஃபேரட் கெப்பாசிட்டர் இரண்டும் வாங்கிப் போட்டால் தீர்ந்தது. ஆனால் எந்தக் கடிகாரத்தில் ஓடுவது என்று சிப்புக்குச் சொல்லும் ஃபியூஸ் அமைப்பையும் வெளிக் கிறிஸ்டலுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கிறிஸ்டல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

16 மெகாஹெர்ட்ஸை முழு எண்ணால் வகுத்துத்தான் வேகம் உருவாகிறது. 9600-க்கு அந்த வகுத்தல் 0.2 விழுக்காட்டுப் பிழையோடு முடிகிறது. 115200-க்குச் சரியான எண் கிடைப்பதில்லை. ஊனோ உண்மையில் ஓடுவது 117647-ல், அதாவது 2.1 விழுக்காடு வேகமாக. அசல் ஊனோவில் மாற்றி சிப்பும் அதே 16 மெகாஹெர்ட்ஸில் அதே வகுத்தலைச் செய்வதால் இரண்டும் ஒரே அளவு பிசகுகின்றன, யாருக்கும் தெரிவதில்லை. சிஎச்340-க்குத் தனிக் கடிகாரம். அங்கே இந்த 2.1 விழுக்காடு அப்படியே நிற்கும். பெரும்பாலும் ஓடும், ஆனால் பிழைக்கு ஒதுக்கிவைத்த இடம் குறைந்துவிடும். வேகம் நிஜமாகவே வேண்டுமென்றால் 250000 வைக்கலாம். காதுக்கு அந்நியமான எண், கணக்கில் 16 மெகாஹெர்ட்ஸுக்குப் பிழையே இல்லாமல் பொருந்துகிறது.

தொட்டிக்கு இதெல்லாம் தேவையில்லை. நொடிக்கு ஒரு அளவீடு போதும், 9600 தாராளம்.

திரையில் குப்பை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது நிரலில் எழுதிய வேகமும் மானிட்டரில் தேர்ந்தெடுத்த வேகமும் ஒன்றா என்பதை. ஈஎஸ்பி8266 போர்டு தொடங்கும்போது மட்டும் குப்பை வந்து, பிறகு சரியானால் அது கோளாறே அல்ல. அந்தச் சிப் தன் தொடக்கச் செய்தியை 74880 வேகத்தில் அனுப்புகிறது.

காம் போர்ட் தெரியவில்லை, அல்லது நிரல் ஏறவில்லை

கீழே உள்ள வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

1. வயர். விசிறிக்கும் விளக்குக்கும் கூடவே தரும் யுஎஸ்பி வயர்களில் பல, மின்சாரம் மட்டும் கடத்துபவை. தரவுக்கான இரண்டு கம்பிகள் உள்ளே இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கணினிக்கு எதுவும் தெரியாது. கைப்பேசியிலிருந்து படம் மாற்றப் பயன்பட்ட வயரை எடுத்துச் செருகிப் பாருங்கள்.

2. டிரைவர். விண்டோஸின் ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து வைத்துக்கொண்டு வயரைச் செருகிக் கழற்றவும். எந்த வரி வந்து போகிறதோ அதுதான் உங்கள் போர்டு. மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் இல்லை. போலி எஃப்டி232 சிப்புகள் சந்தையில் ஏராளம். 2014-ல் அசல் சிப்பைத் தயாரிக்கும் எஃப்டிடிஐ நிறுவனம் வெளியிட்ட டிரைவர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி அவற்றை முடக்கியது. எங்கிருந்து வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஷாப்பியில் மிக மலிவாகக் கிடைக்கும் ‘எஃப்டிடிஐ’ அடாப்டரைவிட சிஎச்340 என்று நேராகச் சொல்லி விற்பதே மேல்.

3. வேறு யார் பிடித்திருக்கிறார்கள்? ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்க முடியும் என்பது விண்டோஸின் வழக்கம். சீரியல் மானிட்டர் திறந்திருக்கும்போது பைத்தான் மொழியில் எழுதிய நிரலை ஓட்டினால் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வரும். அதற்கு நிர்வாகி உரிமை தேடி ஓட வேண்டாம். மானிட்டரை மூடினால் போதும்.

4. லினக்ஸ் என்றால் உங்கள் பயனர் பெயர் ‘டயல்அவுட்’ குழுவில் இருக்க வேண்டும். சேர்த்த பிறகு வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் அது பலிக்கும். உபுண்டு 22.04-ல் இன்னொரு வில்லங்கம்: பிரெய்ல் திரைகளுக்கான ‘பிஆர்எல்டிடிஒய்’ மென்பொருள் சிஎச்340-ஐத் தன் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்ளும். போர்டு ஒரு நொடி தெரிந்து மறைந்தால் காரணம் அதுவே. பிரெய்ல் கருவி இல்லாதவர்கள் அதை நீக்கிவிடலாம்.

5. காம் போர்ட் தெரிகிறது, ஆனால் நிரல் ஏற்றும்போது ‘நாட் இன் சிங்க்’ என்ற பிழை வருகிறது. அர்டுவினோ நானோ போர்டு என்றால் பட்டியலில் ‘ஓல்டு பூட்லோடர்’ என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பூட்லோடர் என்பது புதிய நிரலை வாங்கிச் சிப்பில் ஏற்றும் சிறு நிரல். பழையது 57600 வேகத்திலும் புதியது 115200-லும் கேட்கின்றன.

6. 0, 1 முனைகளில் ஏதாவது செருகியிருக்கிறதா? எச்சி-05 புளூடூத் போன்றவற்றை அங்கே இணைத்தால் நிரல் ஏறாது. மாற்றி சிப்பிலிருந்து ஆர்எக்ஸ் முனைக்கு வரும் வழியில் 1 கிலோ ஓம் தடை இருக்கிறது. வெளிக்கருவியோ நேரடியாகச் சேர்ந்திருக்கிறது. ஆகவே வெளிக்கருவியின் குரலே எடுபடும், கணினியின் குரல் அமுங்கிவிடும். நிரல் ஏற்றும்போது அந்த வயரைக் கழற்றுங்கள்.

திறந்ததும் போர்டு மறுதொடக்கம் ஆவது

ஊனோவில் காம் போர்ட்டைத் திறந்தாலே போர்டு மறுதொடக்கம் ஆகும். மாற்றி சிப்பின் டிடிஆர் என்ற முனை, 100 நானோஃபேரட் கெப்பாசிட்டர் வழியாக ரீசெட் முனையோடு இணைந்திருக்கிறது. நிரல் ஏற்ற வசதியாகச் செய்த ஏற்பாடு அது. விளைவு: பைத்தானில் காம் போர்ட்டைத் திறந்த அடுத்த வரியிலேயே கட்டளை அனுப்பினால் அதைக் கேட்பது உங்கள் நிரல் அல்ல, பூட்லோடர். கட்டளை தொலைந்துபோகும்.

இணையத்தில் கிடைக்கும் தீர்வு, திறந்த பிறகு 2 நொடி காத்திருப்பது. வேலை செய்யும். அதைவிட நல்ல முறை, போர்டு தன் தொடக்க வேலைகளை முடித்ததும் ‘தயார்’ என்ற பொருளில் ஒரு வரி அனுப்புவதும், கணினி அந்த வரி வரும் வரை காத்திருப்பதும். போர்டு மாறினாலும், உணரி கூடுதலாகி தொடக்கம் தாமதமானாலும் இது கெடாது. இரவும் பகலும் ஓடும் கருவியில் மறுதொடக்கமே கூடாது என்றால் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடலாம். நேர்முனை ரீசெட் பக்கம். நிரல் ஏற்றும்போது அதைக் கழற்ற மறக்கக்கூடாது.

127 எப்படி 27 ஆனது

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான பிழை, ஏனென்றால் இது பிழைபோலவே இருக்காது. குப்பை எழுத்து வந்தால் கண்ணில் படும். 27 என்பது ஒரு நல்ல எண். தொட்டி ஏறக்குறைய நிரம்பியிருக்கிறது என்று திரை சொல்லும். உண்மையில் நீர் ஒரு மீட்டர் கீழே இருக்கும்.

சீரியல் வழியாக வரும் பைட்டுகள் குழாயில் வரும் தண்ணீர்போல. எந்தக் குடம் எங்கே நிரம்பியது என்று தண்ணீருக்குத் தெரியாது. போர்டு 127 என்று அனுப்பும்போது கணினிக்குப் போவது மூன்று தனித்தனி பைட்: ‘1’ என்ற எழுத்தின் எண் 49, ‘2’-க்கு 50, ‘7’-க்கு 55. கணினி நடுவில் கேட்கத் தொடங்கினால் முதல் பைட் தவறிப்போய் 27 என்று படித்துவிடும். ‘வந்திருப்பதை எல்லாம் படி’ என்று எழுதிய நிரல் 1-ஐ ஒரு தடவையிலும் 27-ஐ அடுத்த தடவையிலும் படிக்கலாம். அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் ஒட்டிக்கொண்டு 127126 என்றும் வரலாம்.

வேலி போட வேண்டும். படிப்படியாகப் போவோம்.

1. ஒவ்வொரு அளவீட்டின் முடிவிலும் புதுவரி எழுத்தை அனுப்புங்கள். அதன் எண் 10. அர்டுவினோவில் ‘பிரிண்ட்எல்என்’ அதைச் செய்துவிடும், முன்னால் 13 என்ற பைட்டையும் சேர்த்து. கணினி, புதுவரி வரும் வரை சேர்த்துவைத்து, வந்த பிறகே பொருள் காண வேண்டும்.

2. இணைப்புத் திறந்ததும் வரும் முதல் வரியைத் தூக்கிப் போடுங்கள். அது பாதி வரியாக இருக்கலாம்.

3. தொடக்கத்துக்கும் ஓர் அடையாளம் வையுங்கள். டாலர் குறி என்று வைத்துக்கொள்வோம். டாலரில் தொடங்காத வரி எதுவும் செல்லாது. 27 இங்கேயே பிடிபட்டுவிடும்.

4. சரிபார்ப்பு எண் சேருங்கள். நீண்ட வயரில் மோட்டார் அல்லது பம்பு பக்கத்தில் ஓடினால் ஒரு பிட் புரண்டுவிடலாம். 55 என்ற பைட்டில் ஒரு பிட் மாறினாலே 53 ஆகும், 127 என்பது 125 ஆகும்.

நான்காவதை எளிதாகச் செய்ய எக்ஸார் (பிட்டுகளை ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1, ஒன்றாக இருக்கும் இடத்தில் 0 போடும் கணக்கு) போதும். 49, 50, 55 மூன்றையும் எக்ஸார் செய்தால் 52 வரும். போர்டு ‘டாலர், 127, நட்சத்திரக் குறி, 52, புதுவரி’ என்று அனுப்பட்டும். கணினி தானும் கணக்கிட்டுப் பார்க்கும். 125 என்று மாறி வந்திருந்தால் 54 வரும், பொருந்தாது, வரியைக் கழித்துவிடலாம். ஜிபிஎஸ் கருவிகள் பயன்படுத்தும் என்எம்இஏ 0183 வரிகளும் இப்படித்தான்: டாலரில் தொடங்கி, நட்சத்திரத்துக்குப் பிறகு எக்ஸார் எண்ணோடு முடிகின்றன. அங்கே அந்த எண் பதினாறடிமான முறையில் இருக்கும் என்பது மட்டுமே வேறுபாடு.

எக்ஸாருக்கு ஒரு குறை உண்டு. 127, 172, 217 மூன்றுக்கும் ஒரே 52தான் வரும். இலக்கங்கள் இடம் மாறினால் அதற்குத் தெரியாது. சீரியலில் பைட்டுகள் இடம் மாறி வருவதில்லை என்பதால் தொட்டிக்கு இது போதும். கதவு திறக்கும் கருவி, மோட்டார் ஓட்டும் கருவி என்றால் சிஆர்சி-8 அல்லது சிஆர்சி-16 என்ற வலுவான சரிபார்ப்பு முறையைப் பயன்படுத்துவதே பொறுப்பான வேலை.

எண்ணை எழுத்தாக அனுப்பாமல் நேரடி பைட்டுகளாக அனுப்பினால் வேகம் என்று சிலர் போவார்கள். ஊனோவில் ‘இன்ட்’ இரண்டு பைட், ஈஎஸ்பி32-ல் நான்கு. ஊனோவுக்கு எழுதிய நிரலை ஈஎஸ்பி32-ல் அப்படியே ஏற்றினால் கணினிப் பக்கம் எல்லாம் நகர்ந்துவிடும். அதோடு, தரவுக்குள்ளேயே 10 என்ற பைட் வரக்கூடும் என்பதால் புதுவரியை வேலியாக வைக்க முடியாது. கண்ணால் படிக்க முடிகிற வரியைவிட்டு மாற, நொடிக்கு ஆயிரக்கணக்கான அளவீடு என்பது போன்ற வலுவான காரணம் இருக்க வேண்டும்.

தமிழில் செய்தி அனுப்ப விரும்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ‘தொட்டி’ என்பதில் ஆறு குறியீடுகள்: த, ஒகரக் குறி, ட, புள்ளி, ட, இகரக் குறி. மொத்தம் 18 பைட். 9600-ல் ஏறத்தாழ 19 மில்லி நொடி. ஒரு குறியீட்டின் நடுவில் பைட்டுகளை வெட்டிப் படித்தால் பைத்தான் ‘யூனிகோட் டிகோட்’ பிழையோடு நின்றுவிடும். புதுவரி வரை சேர்த்துவிட்டுப் பிறகு எழுத்தாக மாற்றினால் அந்தச் சிக்கல் வராது. யுடிஎஃப்-8 தமிழ் எழுத்துக்குள் 10 என்ற பைட் ஒருபோதும் வராது.

போர்டு பக்கம் தகவல் தொலையும் இடம்

கணினி அனுப்புவதை வாங்கிவைக்க ஊனோவில் 64 பைட் இடம்தான் இருக்கிறது. 9600 வேகத்தில் அது 67 மில்லி நொடியில் நிரம்பும். 115200-ல் 6 மில்லி நொடிகூட ஆகாது. நிரம்பிய பிறகு வருவது சத்தமில்லாமல் போய்விடும். ‘டிலே’ கட்டளையில் ஒரு நொடி தூங்கும் நிரலுக்கு நீண்ட கட்டளை எதுவும் முழுதாகப் போய்ச் சேராது.

எச்சி-எஸ்ஆர்04-லும் இதே வலை. எதிரொலிக்காகக் காத்திருக்கும் ‘பல்ஸ்இன்’ கட்டளை, எதிரொலி வராவிட்டால் ஒரு நொடி முழுக்க நிற்கும். அதற்கு மூன்றாவது மதிப்பாக 30000 மைக்ரோ நொடி என்று எல்லை கொடுங்கள். அது 5 மீட்டர் வரை போதும். கிடைத்த மைக்ரோ நொடியை 58-ஆல் வகுத்தால் செண்டிமீட்டர். அந்த 58 ஏறக்குறைய 20 பாகை செல்சியஸுக்கு உரியது. நம் ஊர்க் கூரைக்கடியில் 35 பாகை சாதாரணம். ஒலி வேகமாகப் போவதால் 127 செண்டிமீட்டர் ஏறக்குறைய 124 என்று காட்டும். சீரியலைக் குறைசொல்ல வேண்டாம்.

‘பார்ஸ்இன்ட்’ கட்டளை இன்னொரு பொறி. மானிட்டரில் 5 என்று அனுப்பினால் 5 வருகிறது, ஒரு நொடி கழித்து தானாக 0 வருகிறது. மானிட்டர் 5-க்குப் பின்னால் புதுவரியையும் அனுப்பியது. அடுத்த சுற்றில் கட்டளை அந்தப் புதுவரியைக் கண்டு எண்ணைத் தேடி, ஒரு நொடி காத்து, கிடைக்காமல் 0 என்று திருப்பியது. அதேபோல் ‘1 வந்தால் விளக்கை ஏற்று’ என்று எழுதி விளக்கு எரியாமல் தவிப்பவர்கள், வருவது 1 அல்ல, 49 என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒற்றை மேற்கோளுக்குள் 1 எழுதினால் தீரும்.

பைத்தான் பக்கம்

நிறுவ வேண்டிய தொகுப்பின் பெயர் ‘பைசீரியல்’. நிரலில் அழைக்கும் பெயர் ‘சீரியல்’. ‘சீரியல்’ என்ற பெயரிலேயே தொடர்பில்லாத வேறொரு தொகுப்பு இருக்கிறது. அதை நிறுவிவிட்டு, ‘சீரியல் என்ற பண்பு இல்லை’ என்ற பிழையோடு மல்லுக்கட்டுபவர்கள் அதிகம். உங்கள் கோப்புக்கே ‘சீரியல்’ என்று பெயர் வைத்தாலும் இதே பிழை வரும்.

திறக்கும்போது காத்திருப்பு எல்லை ஒரு நொடி அல்லது இரண்டு என்று கொடுங்கள். இல்லாவிட்டால் போர்டு பேசாதபோது உங்கள் நிரலும் உறைந்து நிற்கும். போர்டு நொடிக்கு நூறு வரி அனுப்ப, வரைபடம் தீட்டும் நிரல் இருபதுதான் படிக்கிறது என்றால் மிச்சம் இயங்குதளத்தின் இருப்பில் குவியும். திரையில் தெரிவது பழைய அளவீடு. நேரம் போகப்போக இடைவெளி கூடும். உணரி மெதுவாக இருப்பதுபோல் தோன்றும். அனுப்பும் எண்ணிக்கையைக் குறைப்பதே சரியான மருந்து.

வோல்ட், தூரம், இடி

ஊனோவின் டிஎக்ஸ் 5 வோல்ட். ஈஎஸ்பி32-உம் பிக்கோவும் 3.3 வோல்ட், நேராக இணைத்தால் சேதமாகலாம். 5 வோல்ட் பக்கத்திலிருந்து 1 கிலோ ஓம் தடை, பிறகு கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் தடை வையுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் 3.3 வோல்ட் கிடைக்கும். எதிர்த்திசையில் எதுவும் தேவையில்லை: 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகாவுக்கு 3 வோல்ட்டே உயர்நிலை. ஒரு கருவியின் டிஎக்ஸ் மற்றதன் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும்; கிரவுண்டு இரண்டுக்கும் இணைந்திருக்க வேண்டும்.

பழைய தொழிற்சாலைக் கருவிகளின் ஒன்பது முனை வாயில் இருப்பது ஆர்எஸ்-232. 1960-ல் பிறந்த தரம். கூட்டல் கழித்தல் 3 முதல் 15 வோல்ட் வரை ஆடும், உயர்வு தாழ்வும் தலைகீழ். இணைக்க நடுவில் மேக்ஸ்232 என்ற மாற்றி சிப் வேண்டும்; 3.3 வோல்ட் என்றால் மேக்ஸ்3232.

இனித் தொட்டி. உணரி கூரையில், கணினி கீழே. யுஎஸ்பி வயர் 5 மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதல்ல. 5 வோல்ட் யுஆர்ட்டை நீண்ட வயரில் இழுத்தால் மோட்டாரின் இரைச்சலெல்லாம் பைட்டாக வந்து விழும். போர்டைத் தொட்டிப் பக்கம் வைத்து, இரண்டு முனையிலும் மேக்ஸ்485 தொகுதி போட்டு, முறுக்கிய இணை வயரில் நீண்ட தூரத்துக்கான ஆர்எஸ்-485 சீரியல் இணைப்பை இழுப்பதே முறை. குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். நீண்ட வயரின் இரண்டு கோடியிலும் 120 ஓம் தடை. மேக்ஸ்485 ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் பேசும். அனுப்பி முடிந்ததும் ‘ஃப்ளஷ்’ கட்டளையால் கடைசி பைட் வெளியேறும் வரை காத்துவிட்டுத் திசையை மாற்றுங்கள். அவசரப்பட்டால் வரியின் வால் துண்டாகும். புதுவரியே போய்ச் சேராது. தொட்டிக்குள் ஈரம் படியும் என்பதால் எச்சி-எஸ்ஆர்04 நீண்ட நாள் தாங்காது. நீர்புகா ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி நல்லது, ஆனால் அது 20 செண்டிமீட்டருக்கு உள்ளே அளக்காது; நிரம்பிய நீர்மட்டத்துக்கு மேல் அவ்வளவு இடம் விட்டுப் பொருத்த வேண்டும்.

கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழைக்குப் பஞ்சமில்லை. கூரையிலிருந்து இறங்கும் உலோக வயர் நேராக மடிக்கணினியின் யுஎஸ்பியில் முடியக்கூடாது. ஏடியூஎம்3160 சிப் கொண்ட யுஎஸ்பி தனிமைப்படுத்தியைக் கணினிக்கும் அடாப்டருக்கும் நடுவில் வைத்தால் இரு பக்கக் கிரவுண்டும் பிரிந்துவிடும். சிறு எழுச்சிகள் கணினிக்குத் தாவாது. அருகே விழும் மின்னலை அது தாங்காது. வானம் கறுக்கும்போது வயரைக் கழற்றிவிடலாம். மீண்டும் செருகியதும் கணினி முதல் வரியைக் கழித்துவிட்டு, டாலரில் தொடங்கும் அடுத்த வரியிலிருந்து படிக்கும்படி நிரல் இருந்தால் போர்டு பக்கம் எதையும் மாற்ற வேண்டியிருக்காது.